பெரிய எழுத்து வேதாகமம்: இரண்டு மாதம் வாசித்த பிறகு

மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் அம்மாவுக்காக வாங்கியது. விலையைக் கேட்டதும் வெளியே வந்து, ரோட்டைக் கடந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பப் போய்த்தான் வாங்கினேன்.

முதலில் குறைகள். உறையின் சிப் இரண்டே மாதத்தில் இறுகிவிட்டது. நாங்கள் இருப்பது கல்லடியில், கடல் உப்புக்காற்றுக்கு எந்த சிப்பும் தாங்காதுதான், ஆனாலும் இந்த விலைக்குக் கொஞ்சம் நல்லதாகப் போட்டிருக்கலாம். தாள் மெல்லிசு, பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிகிறது. பாரமோ பாரம், அம்மா மடியில் தலையணை வைத்து அதற்குமேல்தான் விரிக்கிறா.

எழுத்து மட்டும் அருமை. ஆனால் ஒரு பக்கத்தில் கொஞ்ச வசனம்தான் அடங்கும், வேகமாக ஓட முடியாது. இதையும் குறையாக எழுதத்தான் இருந்தேன்.

இந்த வருடம் நான் மூன்று மாதம் ஜெபம் பண்ணி, இதுதான் கர்த்தர் காட்டும் வழி என்று நிச்சயமாகத் தோன்றிய பிறகு, இருந்த வேலையை விட்டுப் பொத்துவில் பக்கம் ஒரு வேலைக்குப் போனேன். ஐந்தாம் மாதம் அந்த இடத்தையே மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருப்பவன் என்பதால் இரவில் அம்மாவோடு இருந்து வாசிக்கிறேன்.

ஒருநாள் கிதியோன் போருக்கு ஆள் சேர்க்கும் கதை. 32,000 பேர் வந்து நிற்க, கூட்டம் அதிகம் என்கிறார் கடவுள். பயந்தவர்கள் போகலாம் என்றதும் 22,000 பேர் போய்விடுகிறார்கள். பழைய புத்தகத்தில் இதெல்லாம் ஒரே மூச்சில் போய்விடும், முடிவு தெரிந்த கதைதானே. இதில் அந்த இடத்தோடு பக்கம் முடிந்தது. அம்மா விரலை நனைத்து, ஒட்டிக்கிடந்த தாளைப் பிரித்துப் புரட்டும் வரைக்கும் கிதியோன் மிச்சப் பேரோடு அப்படியே நிற்கிறான். அடுத்த பக்கத்தில் அதுவும் 300 ஆகிறது.

லூக்கா ஐந்தாம் அதிகாரம் வாசித்த அன்று மாமா வந்திருந்தார். இரவெல்லாம் மீன் கிடைக்காமல் கரையில் வலை அலசும் பேதுருவிடம், மறுபடி வலை போடு என்று இயேசு சொல்லும் இடம். வாவியில் தோணி ஓட்டியே வயதானவர். "பகல்ல வலை போட்டா மீன் பாத்திட்டு ஓடிரும் மருமகன். சொல்றவர் தச்சன், அவருக்கு என்ன தெரியும்? அதுவும் வலையை அலசி முடிச்ச பிறகு! நானெண்டா ஏசியிருப்பன்." பேதுருவும் முதலில் கணக்கைத்தான் சொல்கிறான், இராமுழுதும் ஒன்றும் அகப்படவில்லை என்று. அதற்குப் பிறகு 'ஆகிலும்' என்ற சொல், இந்தப் பதிப்பில் வரியின் கடைசியில் தனியாக நிற்கிறது. அன்று அதற்கு மேலே வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

சிப் மாற்றித் தருவார்களா என்று கேட்கப் போன வழியில், மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் சிலையைப் பார்த்தேன். 1814இல் மனைவியைக் கடல் பயணத்திலேயே பறிகொடுத்து இங்கே வந்து சேர்ந்த மனுசன், எட்டு மாதத்தில், 1815 ஏப்ரலில், தானும் இறந்துபோனார். அவர் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நடக்கிறது, ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லையே. எனக்கு அவர் 'ஆகிலும்' பக்கம் முடிந்து அடுத்த தாள் புரளாமலே நின்றவர் மாதிரித் தெரிந்தார்.

சிப் மாற்ற மாட்டார்களாம். வயதானவர்களுக்கு வாங்குவதென்றால் யோசிக்காமல் வாங்குங்கள், உறை இல்லாத பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. வேலை இன்னும் சரிவரவில்லை. மெழுகுதிரி தேய்த்ததில் சிப் இப்போது பாதித் தூரம் ஓடுகிறது.