ஹாய் வான் கணவாய்க்கு மிதிவண்டிப் பயணம் என்று 4,280 வெள்ளியை இழந்தோம்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

எங்களிடம் 4,280 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) வாங்கிக்கொண்ட பயண ஏற்பாட்டாளர் இன்று காலை என் எண்ணை முடக்கிவிட்டார். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் நாகரிகம் கருதிப் பாதியை விழுங்கிவிடுவேன் என்று எனக்கே தெரியும். ஆகவே இப்போதே எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. கோலாலம்பூரில் இருந்துகொண்டு, ஒரு சமூக ஊடகப் பக்கத்தின் வழியாக மிதிவண்டி ஓட்டிகளை வெளிநாட்டு மலைச்சாலைகளுக்கு அனுப்பி வைப்பதாக விளம்பரம் செய்யும் சிறு ஏற்பாட்டாளர் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நானும் என் மைத்துனனும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூருக்கு அருகே உலு லங்காட் பக்கம் ஓட்டுவது வழக்கம். கால் ஒத்துழைத்தால் கெந்திங் பெராஸ் ஏற்றம் வரை போவோம். இல்லாவிட்டால் 14ஆம் கட்டையில் பசியாறிவிட்டுத் திரும்பிவிடுவோம். அங்கேதான் அந்த ஏற்பாட்டாளர் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். என் வண்டியின் பின்சக்கரப் பல்லடுக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பல்லை வெச்சுக்கிட்டா பெராஸ் ஏறுறீங்க அண்ணே? முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்றார். ஐம்பதைத் தாண்டியவனிடம் அவன் முட்டியைப் பற்றி அக்கறையாக ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவர் சொல்வதெல்லாம் வேதம். மூன்று பேருக்குமான தே தாரிக்குக்கும் ரொட்டிச் சானாய்க்கும் அவரே பணம் கொடுத்தார். அந்தப் பதினைந்து வெள்ளிச் சொச்சம்தான் அவர் எங்கள் மேல் போட்ட முதலீடு என்று இப்போது தோன்றுகிறது.

வியட்நாமின் மத்தியக் கடற்கரையில், டா நாங் நகரத்துக்கும் ஹுவேக்கும் இடையே மலைத்தொடர் ஒன்று கடலை நோக்கி நீண்டு வந்து முடிகிறது. அதன்மேல் ஏறிக் கடக்கும் பழைய சாலைதான் ஹாய் வான் கணவாய். சுமார் 21 கிலோமீட்டர் நீளம். உச்சி கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குச் சற்றே குறைவு. 2005-இல் மலையைக் குடைந்து 6 கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு பெரும்பாலான வாகனங்கள் அதற்குள் போய்விடுவதால், மேலே உள்ள சாலை ஓரளவு அமைதியாகிவிட்டது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், உச்சியில் 1826-இல் மன்னர் மின் மாங் காலத்தில் எழுப்பிய கோட்டை வாசல், இறங்கினால் லாங் கோ வளைகுடா. இதையெல்லாம் அவர் கைப்பேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டியபோது என் மைத்துனன் ரொட்டியைப் பிய்ப்பதையே நிறுத்திவிட்டான்.

நான்கு நாள் பயணம், ஆளுக்கு 2,140 வெள்ளி, இருவருக்கும் 4,280 வெள்ளி. விமானச் சீட்டு எங்கள் பொறுப்பு. கார்பன் ரோட் பைக், பின்தொடரும் வேன், மூன்று இரவுத் தங்குமிடம், ஒவ்வொரு நாளுக்கும் வழிக்கோப்பு (கைப்பேசிச் செயலியில் திறந்தால் போக வேண்டிய பாதையைக் காட்டும் கோப்பு) என்றெல்லாம் உறுதி கூறினார். "நவம்பரில் அங்கே மழை இருக்குமே?" என்று நான் கேட்கத்தான் செய்தேன். "அது அக்டோபரோட முடிஞ்சிடும் அண்ணே, நம்ம ஆளுங்களை மழையில அனுப்புவேனா?" என்றார். அந்தக் கடற்கரையில் மழை கொட்டித் தீர்க்கும் மாதங்களே அக்டோபரும் நவம்பரும்தான் என்பதை நான் திரும்பி வந்த பிறகு படித்தேன். நம் மலேசியக் கிழக்குக் கரையில் அதே பருவத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு நிமிடம் நினைத்திருந்தாலே போதும். திரங்கானுவுக்கு நவம்பரில் மிதிவண்டியோடு போகலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

1,000 வெள்ளி முன்பணம், பிறகு 3,280 வெள்ளி, இரண்டையும் ஒரு தனிநபர் கணக்கில் போட்டேன். நிறுவனத்தின் கணக்கு ஏதோ புதுப்பிப்பில் இருக்கிறது என்றார். நம்பினேன்.

வழிக்கோப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அதிலேயே வெளிப்படையாகக் கிடந்தது. லாங் கோ வரை போகும் நாளுக்கான கோப்பைத் திறந்தபோது, உயர வரைபடத்தில் நடுவே ஊசி முனை போல ஒரு கூம்பு எழுந்து உடனே விழுந்தது. "கணவாய் பயங்கரச் செங்குத்து போலிருக்கிறது" என்று மைத்துனனிடம் பெருமையாகக் காட்டினேன். உண்மை என்னவென்றால், அது காருக்கான வழி. அந்தக் கோடு சுரங்கப்பாதைக்குள் நேராகப் போகிறது. செயலியோ கோட்டுக்கு மேலே உள்ள மலையின் உயரத்தை எடுத்துக் கூம்பாக வரைந்துவிட்டது. வரைபடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால், வளைந்து வளைந்து போக வேண்டிய சாலை அளவுகோல் வைத்து வரைந்ததைப் போல மலைக்குள் பாய்வது தெரிந்திருக்கும். அந்தச் சுரங்கத்துக்குள் மிதிவண்டிகளை ஓட்டிச் செல்ல அனுமதியே கிடையாது.

டா நாங் விமான நிலையத்தில் எங்களை அழைத்துப்போக யாரும் வரவில்லை. வாடகைக் காரில் விடுதிக்குப் போனோம். மூன்று இரவு என்றது ஒரே இரவுக்குத்தான் பதிவாகியிருந்தது. மறுநாள் காலை மிதிவண்டிக் கடை முதியவர் முன்னால் கூடை வைத்த இரண்டு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். நான் கோலாலம்பூரிலிருந்து என் காலணியையும் அதற்குப் பொருந்தும் பெடலையும் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அவற்றைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கேலி இல்லை, இரக்கம்தான் இருந்தது. கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார்: இரண்டு வண்டி, ஒரு நாள் வாடகை, அவ்வளவுதான் அவருக்கு வந்த பதிவு. வேன் என்ற பேச்சே இல்லை.

வந்ததற்கு ஏறியாவது பார்ப்போம் என்று விரிகுடாவை ஒட்டிய நுயென் தாட் தான் சாலையில் வடக்கே ஓட்டினோம். கோப்பு காட்டிய வழியில் போனால் சுரங்கத்துக்குச் சற்று முன்னால் காவலர் விசில் ஊதி, கையை அகல விரித்து மறித்து, பழைய சாலையைக் காட்டினார். அதில் ஏறத் தொடங்கினோம். அமைதியான சாலை என்றது பாதி உண்மைதான். எரிபொருள் லாரிகளைச் சுரங்கத்துக்குள் விடுவதில்லை என்பதால் அவை அத்தனையும் எங்கள் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டு வந்தன. ஐந்தாவது வளைவோ ஆறாவது வளைவோ, மழை இறங்கியது. நனைந்த பிரேக்கை அழுத்தினால் வண்டி யோசித்துவிட்டு நின்றது. ஹாய் வான் என்றால் கடல் மேகம் என்று பொருளாம். மேகத்தை நிறைவாகவே பார்த்தோம். உச்சியைப் பார்க்காமல், இறங்குவழி முழுவதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

இனி அவருடைய பதில்கள். முதல் நாள், "உள்ளூர் ஏஜெண்டு செஞ்ச தப்பு அண்ணே, நானே ஷாக் ஆயிட்டேன்." ஊர் திரும்பிய பின், "மழைக்கு நான் என்ன பண்ணுவேன்?" நான் மழையைப் பற்றிக் கேட்கவில்லை, இரண்டு இரவுத் தங்குமிடத்தையும் வேனையும் கேட்டேன். அதற்கு, கணக்குப் பிரிவு விடுமுறையில் இருக்கிறது, 14 வேலை நாளில் பணம் வரும் என்றார். தனிநபர் கணக்கில் பணம் வாங்குகிற ஒருவருக்குக் கணக்குப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு, பணத்துக்குப் பதிலாக அடுத்த பயணத்தில் 300 வெள்ளி கழிவு தருகிறேன் என்றார். நான் விடாமல் கேட்டபோது நேற்றிரவு வந்த குரல்பதிவில், "4,280 வெள்ளிக்கு இப்படிச் சண்டை போடுறீங்களே, நம்ம ஆளுங்க முன்னேறாததுக்கு இதான் காரணம்" என்றார். அண்ணே என்ற சொல் அதில் இல்லை. அவருடைய பக்கத்தில் நான் எழுதிய கருத்து பத்து நிமிடத்தில் காணாமல் போனது. காலையில் எண்ணும் முடங்கியது.

நான் இழந்தது 4,280 வெள்ளி மட்டும் என்றுகூடச் சொல்ல முடியாது. மீதி இரண்டு இரவுத் தங்குமிடமும் விமானச் சீட்டும் தனி. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாயிற்று. பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு போடுகிறேன். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் நாமே கொண்டுபோகலாம்.

உங்களுக்கு விரிவாக ஆலோசனை சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தனிநபர் கணக்கில் பணம் போடாதீர்கள். கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பணம் போன சூட்டோடு சந்தேகம் வந்தால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள், என்னைப் போல இரண்டு வாரம் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். வழிக்கோப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். தேநீருக்கு நீங்களே பணம் கொடுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மைத்துனன் ஒரு படம் அனுப்பினான். அந்தப் பக்கத்தில் புதிய விளம்பரம் வந்திருக்கிறது: ஜனவரியில் ஹாய் வான், இன்னும் நான்கு இடங்களே உள்ளன. விளம்பரத்தில் மலைவளைவில் நின்று சிரிப்பவன் என் மைத்துனன்தான். மழை தொடங்குவதற்குச் சற்று முன் நான் எடுத்த படம் அது. வண்டியின் இலட்சணத்தைப் பாருங்கள் என்று புகாரோடு நானே அவருக்கு அனுப்பி வைத்தது. கூடை தெரியாதபடி கீழ்ப்பாதியை வெட்டியிருக்கிறார்.