பண்ணைப் பவளம் என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்

ஆற அமர எழுதும் நிலையில் இல்லை. பவளம் செத்து நான்கு நாள்தான் ஆகிறது.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு வருடம். மீன் மட்டும்தான் இருந்தது, உயிருள்ள பவளம் ஒன்று வைக்க ஆசை. கடல் மீன் விற்கும் ஒரு ஆன்லைன் கடையைப் பிடித்தேன். முதல் போனிலேயே தெளிவாகச் சொன்னேன்: தொட்டியில் வளர்த்த பண்ணைப் பவளம்தான் வேண்டும், கடலில் வெட்டியது என்றால் எனக்கு வேண்டாம். நான் ராமநாதபுரம் பக்கம் வளர்ந்தவன். சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போன கதையைக் கேட்டு வளர்ந்தவன்.

"வீடியோ கால்ல வாங்கண்ணே, நீங்களே பாருங்க" என்றார் கடைக்காரர். நீல விளக்கு, வரிசையாகத் தொட்டிகள், சின்னச் சின்ன சிமெண்ட் வில்லையில் ஒட்டிய துண்டுகள். "எல்லாம் நாங்களே ஒட்டி வளர்த்தது. கடலைத் தொடுறதே இல்லண்ணே." என் தொட்டியின் உப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். அந்த அக்கறையில்தான் விழுந்தேன். அப்போதே 18,500 ரூபாய் அனுப்பினேன்.

பெட்டியைப் பிரித்தால் வில்லையே இல்லை. அடியில் உளியால் பெயர்த்த புது முறிவு. அதில் சிப்பி, புழுக்கூடு, கடற்பஞ்சு. பண்ணையில் வளர்ந்ததில் இதெல்லாம் எப்படி வரும்? எனக்கு வந்த மாதிரி உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். வந்ததோ ஒரு சாண் அகலம். எத்தனை வருடம் கடலில் இருந்த உயிர்! மூன்றாம் நாள் சதை உரிந்து வெள்ளை எலும்புதான் மிச்சம். வீடெல்லாம் நாற்றம்.

கேட்டதற்கு, "உங்க தண்ணி சரியில்லண்ணே." அப்புறம், "கூரியர்ல லேட்." அப்புறம், "பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? இல்லன்னா பணம் கிடையாது." வாங்கும்போது இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வில்லை எங்கே என்று கேட்டேன், பதிலே இல்லை. வேறு எண்ணிலிருந்து அழைத்தால் "ஓனர் ஊர்ல இல்ல."

வக்கீலாக இருக்கும் சித்தப்பா மகனிடம் போனேன். அவன் சொன்னதுதான் பேரிடி. கல் மாதிரி எலும்புள்ள கடினப் பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம், சிறைத்தண்டனை உண்டு. பண்ணை என்று வாயால் சொன்னது எதற்கும் உதவாது. நான் போலீசுக்குப் போகத் தயங்குவேன் என்று தெரிந்துதான் அந்த ஆள் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறார். 18,500 ரூபாய்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. கல் மாதிரி இருக்கும் எந்தப் பவளத்தையும் வாங்காதீர்கள். கடலுயிர்கள் ஒட்டிய கல்லை 'உயிர்ப்பாறை' என்று விற்பார்கள், அதையும் தொடாதீர்கள். வீடியோ காலை நம்பாதீர்கள், காட்டுவது ஒன்று, அனுப்புவது வேறு. முன்பணம் கேட்டால் போனை வையுங்கள்.

நாளைக் காலை வனத்துறை அலுவலகத்துக்குப் போகிறேன், சித்தப்பா மகனும் வருகிறான். அந்த எலும்பையும் பணம் அனுப்பிய ரசீதையும் எடுத்து வைத்துவிட்டேன்.