கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் கட்டிய கேமிங் கம்ப்யூட்டர்

மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. கையில் 40,000 ரூபாய். நான் கேம் ஆட வேண்டும், அக்கா விசேஷ வீடியோக்களை எடிட் பண்ண வேண்டும், அப்பாவுக்கு ராத்திரி படம் ஓட வேண்டும். இந்த மூன்றுக்கும் சேர்த்து ரைசன் 5 5600ஜி எடுத்தேன். 2021ல் வந்த பிராசசர், 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் 12 வேலை பார்க்கும்), உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ், சூட்டைத் தணிக்கிற கூலரும் அதே டப்பாவில். ஆறு மாதம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ரேமில் நான் கோட்டை விட்ட கதை. சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 8 ஜிபி ரேம் இரண்டு கேட்டேன். "தம்பி, 16 ஜிபி ஒண்ணே போட்டுக்கோங்க, பின்னாடி இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்றார் கடைக்காரர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஜிடிஏ 5 போட்டால் வண்டி திருப்பும்போதெல்லாம் திக்கித் திணறுகிறது, வினாடிக்கு 40 ஃப்ரேமைத் தாண்டவே இல்லை. இந்த பிராசசருக்கென்று தனியாக வீடியோ மெமரி கிடையாது, படம் வரையும் வேலைக்கும் சாதா ரேமைத்தான் கடன் வாங்குகிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி போகும், ஜோடியாகப் போட்டால் 51.2. அதாவது நான் பாதி ரோட்டை அடைத்து வைத்துவிட்டு வண்டி ஓடவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்! மாற்றித் தரச் சொன்னால், சீல் பிரித்ததை எடுக்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் அதே ரேமில் இன்னொன்று வாங்கிப் போட்டேன், பட்ஜெட்டும் அங்கேயே உடைந்தது. ஆனால் ஜிடிஏ இப்போது 1080பி-யில், செட்டிங்கை நார்மலில் வைத்தால், 60ஐ ஒட்டி ஓடுகிறது. வேலரன்ட் கேம் லோ செட்டிங்கில் 100க்கு மேல், அதில் குறையே இல்லை.

அப்புறம், ரேமைச் சொருகினதோடு வேலை முடியாது. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் திறக்கிற செட்டிங் பக்கம்) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடுகிற எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் பல நேரம் 2400லோ அதற்கும் கீழோ சோம்பேறித்தனமாகக் கிடக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

பூட்டுகிற வேலையை நானே செய்தேன். மதர்போர்டை ஸ்க்ரூ எல்லாம் முறுக்கி உட்கார வைத்து நிமிர்ந்தால், பின்பக்கம் வைக்கிற தகரத் தகடு டப்பாவுக்குள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. திரும்ப எல்லாவற்றையும் கழற்றினேன். பவர் பட்டன் ஒயர் இன்னும் மோசம்: அரிசி சைஸ் எழுத்து, போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தேடினேன், ஒரு பின் தள்ளிச் சொருகிவிட்டு அரை மணி நேரம் பெட்டி செத்துப்போச்சு என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

படம் பார்க்க அருமை. எச்இவிசி முறையில் சுருக்கிய 4கே, 10 பிட் படமெல்லாம் அலுங்காமல் ஓடுகிறது. ஏவி1 என்ற புதிய முறையில் சுருக்கிய வீடியோவுக்கு மட்டும் இதில் ஹார்டுவேர் உதவி இல்லை, பிராசசரே முக்கி முக்கிப் பிரிக்கிறது, உடனே ஃபேன் சத்தம் போடும். அக்காவின் எடிட்டிங் 1080பி வரை சரி, 4கே என்றால் எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு சாப்பிடப் போய்விடுவாள்.

இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் தனி கார்டு வாங்கும் யோசனை இருக்கிறதா? அப்படியென்றால் இதைத் தொடாதீர்கள், 'ஜி' இல்லாத சாதா 5600 பக்கம் போங்கள். 5600ஜி-யில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கிற வேகமான மெமரி) 16 எம்பிதான், சாதா 5600ல் 32. கார்டுக்கும் பிராசசருக்கும் நடுவில் இருக்கிற பிசிஐஇ பாதையும் 5600ஜி-யில் பழைய 3.0தான், அதனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி அந்தப் பாதையில் நாலே லேன் வைத்த கார்டைச் சொருகினால் கார்டுக்குக் கொடுத்த காசு முழுசாக வேலை செய்யாது. கார்டு இப்போதைக்கு இல்லை, ஒரு வருஷம் போகட்டும் என்பவர்களுக்குத்தான் இது.

எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை விஷயத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கேபினட்டோடு சும்மா தருகிறோம் என்றதை வேண்டாமென்று சொல்லி 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை வீணாக்காததற்கான தரச்சான்று) உள்ளதைத் தனியாக வாங்கினேன். எங்கள் தெருவில் கரண்ட் போய்ப் போய் வரும், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. டப்பாவோடு வந்த கூலர் மட்டும் மே மாதத்து மதியத்தில் மிக்ஸி மாதிரி இரைகிறது, அப்பா படத்தின் வால்யூமைக் கூட்டிக்கொள்கிறார். அடுத்து மாற்றப்போவது அதைத்தான்.