இலையில் ஓட்டை போட்ட ஓவியர்

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கும் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் ‘முத்துத்தோடு அணிந்த பெண்’ ஓவியத்தின் முன்தான் பெருங்கூட்டம். நான் முக்கால் மணி நேரம் நின்றது அம்ப்ரோசியஸ் போஸ்ஹார்ட்டின் பூச்சாடி ஓவியத்தின் முன்.

1618 வாக்கில் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்தது. உயரம் 64 சென்டிமீட்டர்தான். வளைவுச் சன்னல், பின்னால் நீலம் பூத்த நிலவெளி, நடுவே கண்ணாடிக் குவளையில் டூலிப்பும் ரோஜாவும். சன்னல் திண்டில் தூரதேசத்துச் சங்குகள். இந்தப் பூக்கள் வெவ்வேறு மாதங்களில் பூப்பவை. ஒரே குவளையில் சேர்ந்து இருந்திருக்கவே முடியாது!

கிட்டப் போனேன். இலைகளில் பூச்சி அரித்த ஓட்டைகள். அழகை வரைய வந்தவர் அரிப்பையும் அதே பொறுமையோடு வரைந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு குறை: ஒவ்வொரு பூவும் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக இருக்கிறது. பின்னாளில் வந்த பெண் ஓவியர் ராகேல் ரூய்ஷின் பூக்களில் இருக்கும் அசைவு இதில் இல்லை.

போஸ்ஹார்ட் ஆன்ட்வெர்ப்பில் பிறந்து மிடில்பர்க்கில் வளர்ந்தவர். மகன்கள் மூவரும் ஓவியர்களே. மைத்துனர் பால்தாசர் வான் டெர் ஆஸ்ட்டும் பூ வரைந்தவர்தான்.

போகிறவர்கள் காலையில் திறந்ததுமே போய்விடுங்கள். இந்த ஓவியத்தைத் தள்ளி நின்று பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.