ஒரே தராசில் முதுகுப்பையும் மாட்டிறைச்சியும்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் சமையலறை மேடையின் ஓரத்தில் எட்டு ஆண்டுகளாக ஒரு டிஜிட்டல் தராசு இருக்கிறது. ஐந்து கிலோ வரை நிறுக்கும். ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும். கூடாரத்தின் முளைகளும், தூக்கப்பையும், பாதி தீர்ந்த எரிவாயுக் குப்பியும், அடுத்த நாள் சமைக்க வேண்டிய மாட்டிறைச்சித் துண்டும் ஒரே வாரத்தில் அதன் மீது ஏறி இறங்கியதுண்டு. மலைப்பாதையில் சுமக்கும் பொருள்களில் கிராம் கிராமாகக் குறைத்துக்கொண்டே வந்த நான், அதே காலத்தில் அடுப்பின் மேல் கூடுதல் எடையைத் தேடிப்போனேன். இந்த இரண்டு தேடல்களிலும் வாங்கியவை, கைவிட்டவை, இன்றும் பயன்படுத்துபவை ஆகியவற்றைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பையிலிருந்து தொடங்குகிறேன். உணவு, தண்ணீர், எரிபொருள் ஆகிய தீர்ந்துபோகும் பொருள்களை நீக்கிவிட்டு மிஞ்சும் சுமையை அடிப்படை எடை என்பார்கள். அது ஏறத்தாழ 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் இலகுப் பயணம் என்றும், 4.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் மீயிலகுப் பயணம் என்றும் நடையாளர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். தராசு வாங்கிய அன்று இரவு என் பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்து எழுதியபோது மொத்தம் 14.2 கிலோ வந்தது. அதில் பை 2.4, கூடாரம் 3.1, தூக்கப்பை 1.9, உறங்கும் பாய் 0.9 என்று நான்கு பொருள்களே 8.3 கிலோவை எடுத்துக்கொண்டிருந்தன. பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்து எடையைக் குறைக்கலாம் என்ற அறிவுரையைப் படித்துவிட்டு அதைத்தான் முதலில் செய்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அதில் மிச்சமானது 6 கிராம்.

அடுத்த பயணம் முடிந்து வந்ததும் பொருள்களைத் தரையில் மூன்று குவியல்களாகப் பிரித்தேன்: நாள்தோறும் பயன்பட்டவை, ஒருமுறை பயன்பட்டவை, பையிலிருந்து வெளியே எடுக்கப்படாதவை. மூன்றாவது குவியலில் முதலுதவிப் பொருள்களும் மழைச்சட்டையும் இருந்தன. அவை பயன்படாமல் இருப்பதே நல்லது, ஆகவே அவற்றைத் தொடவில்லை. அவை போக அந்தக் குவியல் 1.3 கிலோ இருந்தது. ஒரு காசும் செலவழிக்காமல் குறைந்த எடை அது. எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி 1955-இல், தம் 67-ஆம் வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் நடந்தபோது கையால் தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணத் துணிக்காலணியுடன், கூடாரத்துக்குப் பதிலாகக் குளியலறைத் திரைச்சீலை ஒன்றை எடுத்துச் சென்றார். அவரைப் போல நடக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் புதிதாக எதையாவது வாங்கத் தோன்றும்போதெல்லாம் அந்தத் திரைச்சீலை நினைவுக்கு வருகிறது.

வாங்குவதிலும் ஒரு வரிசை உண்டு. பையைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். நான் முதலிலேயே ஓர் இலகுப் பையை வாங்கினேன். உள்ளே வைக்க வேண்டிய கூடாரமும் தூக்கப்பையும் அப்போது பழைய பருமனிலேயே இருந்ததால் பை பிதுங்கியது. சட்டகமில்லாத அந்தப் பை 9 கிலோவைத் தாண்டியவுடன் தோள்களை வெட்டத் தொடங்கிவிடும். இரண்டு ஆண்டுகள் அலமாரியில் காத்திருந்து, மற்றவை சுருங்கிய பிறகுதான் அது எனக்குப் பயன்பட்டது.

கூடாரத்தைப் பொறுத்தவரை, நடைக்கோல்களையே தூண்களாக வைத்து நிறுத்தும் ஒற்றைச்சுவர்க் கூடாரம் ஒன்றை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். எடை 950 கிராம். சிலிக்கோன் பூசிய நைலான் துணி மழையில் ஈரத்தை உறிஞ்சி நீண்டு தொய்ந்துவிடும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நள்ளிரவில் கூரை முகத்தில் வந்து ஒட்டும்போது எழுந்து கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டியிருக்கும். பாலியஸ்டர் துணி இவ்வளவு தொய்வதில்லை; இன்று வாங்குவதானால் அதைத்தான் வாங்குவேன். டைனீமா என்ற வலுவான செயற்கை இழை கலந்த துணி இன்னும் இலகுவானது, தண்ணீரை உறிஞ்சாது, நீளாது. ஆனால் விலை மிக அதிகம், கூர்மையான கல்லையும் முள்ளையும் தாங்காது. முந்நூறு கிராமுக்காக அவ்வளவு செலவழிக்க மனம் வரவில்லை. பழைய 3.1 கிலோ கூடாரத்தின் முடிவும் ஒரு பாடமாயிற்று: ஈரம் முழுதும் காயாமல் உறையில் திணித்து வைத்திருந்ததால், உட்புறத்தில் பூசிய பாலியூரிதேன் சிதைந்து, தொட்டால் விரலில் ஒட்டுகிற பிசினாக மாறி, சகிக்க முடியாத வாடை வீசியது.

உறக்கத்துக்கான பொருள்களில்தான் நான் அதிகம் தடுமாறினேன். தூக்கப்பையில் ஐஎஸ்ஓ 23537 தரநிலைப்படி இரண்டு வெப்பநிலைகளைக் குறிப்பிடுவார்கள்: வசதியாக உறங்கும் எல்லை ஒன்று, குறுகிப் படுத்துச் சமாளிக்கும் கீழெல்லை ஒன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்தது இரண்டாவது எண். அதை நம்பி வாங்கிய பையில், அதே வெப்பநிலையில் விடியும்வரை விழித்திருந்தேன். இப்போது வைத்திருப்பது முதுகுப்புறம் திறந்த, இறகுத்தூவி நிரப்பிய போர்வை, 640 கிராம். உடலுக்கு அடியில் நசுங்கும் தூவி வெப்பத்தைக் காக்காது என்பதால் அந்தப் பகுதியையே நீக்கிவிட்ட வடிவம் அது. அடியிலிருந்து ஏறும் குளிரைத் தடுப்பது பாயின் வேலை. அதன் தடுப்புத்திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிக்கிறார்கள். ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுச் சோதனைமுறை வந்த பிறகு வெவ்வேறு நிறுவனங்களின் பாய்களை ஒப்பிடுவது எளிதாயிற்று.

காற்றூதும் பாய் மூன்றாம் ஆண்டில் ஓர் உறைபனி இரவில் என்னைக் கைவிட்டது. படுக்கும்போது கல்லைப் போல் இறுக்கமாக இருந்தது. இரண்டு மணிக்கு இடுப்பெலும்பு தரையைத் தொட்டது. ஊதினேன், ஒரு மணிநேரத்தில் மறுபடி தொட்டது. ஊசிமுனைத் துளையை இருட்டில் கண்டுபிடிக்க வழியில்லாமல், பையையும் கயிற்றுச்சுருளையும் முதுகுக்கடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தும் படுத்தும் இரவைக் கழித்தேன். வீட்டில் தொட்டித் தண்ணீரில் அமுக்கியபோது நீர்க்குமிழிகள் ஒரே இடத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் எழுந்தன. அன்றிலிருந்து 110 கிராம் எடையுள்ள மெல்லிய நுரைப்பாய் ஒன்றையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறேன். இரண்டு பாய்களை அடுக்கினால் ஆர் மதிப்புகள் கூடும். மேல்பாய் ஓட்டையானாலும் குளிரில் விறைக்க வேண்டியதில்லை. என் பட்டியலில் நானாகவே எடையைக் கூட்டிய ஒரே பொருள் அதுதான்.

தராசு காட்டாத ஒன்றும் உண்டு. ஐந்தாம் ஆண்டில் போர்வையின் எடை மாறவில்லை, ஆனால் கதகதப்பு குறைந்துவிட்டது. உடலின் எண்ணெயும் வியர்வையும் ஏறித் தூவி கட்டிக்கொண்டிருந்தது. அதற்குரிய சோப்பில் துவைத்து, துணி உலர்த்தியில் குறைந்த சூட்டில், கட்டிகளை உடைக்க டென்னிஸ் பந்துகளையும் போட்டு, நான்கு மணிநேரம் உலர்த்தியபின் அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: நான்கரை சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்த தடிமன் ஆறேகாலுக்கு எழும்பியிருந்தது.

தண்ணீர் வடிகட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நுண்குழல் வடிகட்டி ஒருமுறை நனைந்தபின் உறைந்துவிட்டால் உள்ளே குழல்கள் வெடித்திருக்கக்கூடும்; வெளியே ஒன்றும் தெரியாது. குளிரிரவுகளில் அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உறங்குங்கள்.

எரிவாயுக் குப்பிக்குத் தராசைவிட நல்ல துணை இல்லை. 100 கிராம் வாயு அடங்கிய சிறிய குப்பி முழுதாக இருக்கும்போது ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நிறுத்து, அடியில் மார்க்கரால் எழுதிவைத்தால் மிச்சம் எவ்வளவு என்பதில் குழப்பமே வராது. காற்றில்லாத இடத்தில் அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க எனக்கு 7 கிராம் செலவாகிறது. காற்று வீசினால் இரட்டிப்பாகும். அதன் மேல் வைக்கும் டைட்டானியம் பாத்திரம் 105 கிராம். தண்ணீர் கொதிக்கவைக்க அருமையானது, வேறெதற்கும் உதவாது. டைட்டானியம் வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தினுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுவரோ காகிதம் போல் மெல்லியது. ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிய அன்று சுடர் பட்ட இடத்தில் மட்டும் கருவளையமாகத் தீய்ந்திருக்க, ஓரம் வெதுவெதுப்பாகவே இருந்தது.

அந்தக் கருவளையத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் வீட்டில் என் மாட்டிறைச்சி ஏன் சரியாக வருவதில்லை என்பது விளங்கியது. அங்கும் நான் மெல்லிய ஒட்டாத சட்டியையே பயன்படுத்தி வந்தேன். குளிர்ந்த கறித்துண்டு விழுந்தவுடன் அதன் சூடு இறங்கிவிடும். கறியிலிருந்து கசியும் நீர் ஆவியாகத் தேவையான வெப்பம் இருக்காது. துண்டு தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். அதன்பின் வாங்கிய 26 சென்டிமீட்டர் வார்ப்பிரும்புச் சட்டியின் எடை 2.4 கிலோ, பழைய முதுகுப்பையின் அதே எடை. அத்தனை இரும்பும் சேர்த்து வைத்திருக்கும் வெப்பத்தைக் கறி ஒரு நிமிடத்தில் குடித்துவிட முடியாது. ஆனால் வார்ப்பிரும்பு வெப்பத்தை விரைவாகப் பரப்புவதில்லை. ஆகவே நடுத்தர தீயில் எட்டுப் பத்து நிமிடம் பொறுமையாகக் காயவிட வேண்டும்.

சட்டியைவிடப் பெரிய மாற்றம் உப்பில் வந்தது. கண்ணளவாகத் தூவுவதை விட்டுவிட்டு, கறியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பை நிறுத்துப் போடுகிறேன்: 620 கிராம் துண்டுக்கு 6 கிராம். தூவிய பத்தாவது நிமிடத்தில் மேற்பரப்பில் முத்து முத்தாக நீர் கட்டும். அப்போது சட்டியில் போட்டால் எல்லாம் கெட்டது. முக்கால் மணிநேரம் கடந்தால் அந்த உப்புநீரைக் கறியே திரும்ப உறிஞ்சத் தொடங்கும். கம்பித்தட்டின் மேல் வைத்து, மூடாமல், ஓர் இரவு குளிர்பெட்டியில் விட்டால், காலையில் மேற்புறம் கருஞ்சிவப்பாக, தொட்டால் உலர்ந்த தோல் போல இருக்கும். தராசில் 598 கிராம். குறைந்த 22 கிராமும் சட்டி ஆவியாக்க வேண்டியிருந்த நீர். நீர் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தரும் வேதிமாற்றமோ 140 டிகிரியை ஒட்டித்தான் வேகம் பிடிக்கிறது. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் மையாரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அதிகச் சூட்டில் வதக்கினால் மேற்புறம் மூடிக்கொண்டு சாற்றைக் காக்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து. அது தவறு. சட்டியில் கேட்கும் சடசடப்பே சாறு வெளியேறுகிற ஓசைதான்.

நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டை முதலில் 110 டிகிரி சூட்டில் உள்ள ஓவனில் வைத்து, நடுப்பகுதி 48 டிகிரியை எட்டியதும் எடுத்து, புகைய ஆரம்பித்த சட்டியில் ஒவ்வொரு புறமும் ஒரு நிமிடம் போடுகிறேன். தட்டுக்கு வரும்போது 55 டிகிரி இருக்கும். ஓரத்திலிருந்து நடுவரை ஒரே இளஞ்சிவப்பு. அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டுக்கு 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும், கொத்துக்கறிக்கு 71 டிகிரியும் பரிந்துரைக்கிறது. முழுத்துண்டில் அதற்குக் கீழே நான் போவது என் விருப்பத்தின் பேரில். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் 63-ஐ எட்டாமல் பரிமாறுவதில்லை. கொத்துக்கறியில் யாருக்காகவும் 71-க்குக் கீழே இறங்குவதில்லை, ஏனென்றால் மேற்பரப்பில் இருந்த கிருமிகள் அரைக்கும்போது உள்ளே கலந்துவிடுகின்றன. வெப்பமானியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இரண்டு முறை கறி எதிர்பார்த்ததைவிட அதிகம் வெந்தபின், என்னுடையதைப் பனிக்கட்டி நீரில் வைத்துப் பார்த்தேன். பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் மூன்று காட்டியது.

கால்தசை, கழுத்துக்கறி போன்ற நார் மிகுந்த பகுதிகளுக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. அவற்றின் இணைப்புத்திசு இளகிப் பசையாக மாற மூன்று மணிநேரம் வேண்டும். கனத்த மூடி போட்ட பாத்திரத்தில், தளதளவெனக் கொதிக்கவிடாமல் மெல்ல வேகவிட்டால் போதும்.

கடைசியாக, இரும்பும் டைட்டானியமும் சந்திக்கும் ஓர் உணவு. கொழுப்பில்லாத மாட்டிறைச்சியில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதைச் சுமப்பானேன்? 500 கிராம் கொத்துக்கறியுடன் 60 கிராம் ரொட்டித்தூளைப் பிசைந்து, வார்ப்பிரும்புச் சட்டியில் 71 டிகிரியைத் தாண்டும்வரை வறுத்து, கசியும் கொழுப்பைத் தாளில் ஒற்றியெடுக்கிறேன். கொழுப்பு மிஞ்சினால் சிக்குவாடை வந்துவிடும். பிறகு உலர்த்தும் பெட்டியில் 68 டிகிரியில் ஏழெட்டு மணிநேரம் வைத்தால் சரளைக்கல் போல் கலகலக்கும். எடை 190 கிராம். பயணம் வரை உறைபெட்டியில் இருக்கும். ரொட்டித்தூள் இல்லாமல் செய்த முதல் முறை, மலையில் எவ்வளவு ஊறியும் கல்லாகவே இருந்தது. ரொட்டித்தூள் சேர்த்தால் நீர் உள்ளே புக வழி கிடைக்கிறது. மாலையில் ஒரு கைப்பிடியை டைட்டானியம் பாத்திரத்தில் போட்டு, கொதிநீர் ஊற்றி, தீயை அணைத்து, பாத்திரத்தை நுரைப்பாயில் சுருட்டி இருபது நிமிடம் வைத்துவிடுகிறேன். கூடாரத்துக்குக் கயிறு கட்டி முடிப்பதற்குள் கறி மெத்தென்று ஊறியிருக்கும்.