பேப்பர் டேப்பா, மெஷ் டேப்பா: ஜிப்சம் போர்டு இணைப்புக்கு எது தாங்கும்?

ஜிப்சம் போர்டு சுவரில் பெயின்ட் அடித்து ஒரு வருடம் கழித்து, நூல் பிடித்தாற்போல நேர்கோட்டில் ஒரு விரிசல் தெரியும். பழி முதலில் பெயின்ட் மேல்தான் விழும். பெரும்பாலும் பெயின்ட் பாவம், அதற்கும் விரிசலுக்கும் சம்பந்தமே இருக்காது. கோளாறு, இரண்டு போர்டுகள் சேரும் இடத்தில் காம்பவுண்டுக்குள், அதாவது இணைப்பை மூடப் பூசும் கலவைக்குள், புதைந்திருக்கும் 2 இன்ச் டேப்பில் இருக்கும். அந்த டேப் காகிதமாக இருக்க வேண்டுமா, கண்ணாடி இழை வலையாக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. முழு அறைக்கு வேலை என்றால் என் ஓட்டு பேப்பருக்கு. ஓட்டை அடைக்கும் வேலைக்கு மெஷ்.

வேகம், எளிமை இரண்டிலும் மெஷ் முந்தும். பின்பக்கம் பசை இருப்பதால் இணைப்பின் மேல் ஒட்டிக்கொண்டே போய்விடலாம். பேப்பருக்கு அடியில் முதலில் காம்பவுண்டு பூச வேண்டும், ஈரம் காய்வதற்குள் டேப்பைப் பதிக்க வேண்டும், அதற்குக் கைப்பழக்கமும் வேண்டும். மெஷ்ஷால் மிச்சமாவது ஓர் அறைக்கு அரை நாள். அதற்காக மட்டும் மெஷ்ஷைத் தேர்ந்தெடுப்பது சரியான கணக்கு ஆகாது.

ஏன் என்றால், போர்டு அசையும். பின்னால் இருக்கும் மரச்சட்டம் ஈரக் காலத்தில் ஊதும், வறண்ட காலத்தில் சுருங்கும். கதவு, ஜன்னல் மூலைகளில் இழுவிசை கூடும். அந்த அசைவெல்லாம் வந்து சேரும் இடம் இணைப்புதான். பேப்பர் டேப் இழுத்தாலும் நீளாது. ஈரக் காம்பவுண்டு காகித நாரில் ஊறிப் பிடித்துக்கொள்வதால் டேப்பும் காம்பவுண்டும் ஒரே பட்டையாகிவிடும். மெஷ்ஷில் ஒவ்வோர் இழையும் வலுவானதுதான், ஆனால் நெசவு லேசாக விலகிக் கொடுக்கும். வலை கொடுத்தாலும் அதன் மேல் காய்ந்திருக்கும் காம்பவுண்டு கொடுக்காது. அது வெடித்துவிடும்.

இதனால்தான் மெஷ் மேல் போகும் முதல் கோட், நீர் கலந்ததும் தானே இறுகும் பவுடர் காம்பவுண்டாக இருக்க வேண்டும். அது கடினமானது, சுருக்கமும் குறைவு. கலந்தே வாளியில் வரும் ரெடிமிக்ஸ் காம்பவுண்டை நேரடியாக மெஷ் மேல் பூசுவதுதான் இந்த வேலையில் நடக்கும் முதல் தவறு. பவுடர் காம்பவுண்டுக்கும் தனிப் பிடிவாதம் உண்டு. பையில் 20, 45, 90 என்று போட்டிருப்பது அது இறுக எடுக்கும் நிமிடம். பழைய கலவை ஒட்டிய வாளியில் கலந்தால் அதைவிடச் சீக்கிரமே கட்டிவிடும். கட்ட ஆரம்பித்த கலவையில் மறுபடி நீர் ஊற்றி இளக்கினால் வலு போய்விடும், கொட்டிவிடுவதே மேல். முழுக்க இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டால் கை வலிதான் மிச்சம். அரைகுறையாக இறுகியிருக்கும்போதே பட்டி பூசும் பிளேடால் மேடுகளைச் சீவிவிட வேண்டும். எளிது என்று வாங்கிய மெஷ்ஷின் எளிமை இங்கே பாதி கரைந்துவிடுகிறது.

விரிசல் விட்டால் பட்டி வைத்து அடைத்துவிடலாமே என்று தோன்றும். டேப் பிடிப்பு விட்டுப்போன இடத்தில் பட்டி நிற்காது, அடுத்த பருவ மாற்றத்தில் அதே கோடு திரும்ப வரும். விட்டுப்போன டேப்பை வெட்டி எடுத்து, தளர்ந்த காம்பவுண்டைச் சுரண்டி, புது டேப் பதித்து, மூன்று கோட் போட்டு, தேய்த்து, ப்ரைமர் அடிக்க வேண்டும். அதன் பிறகுதான் நிஜத் தலைவலி. சுவரில் இருக்கும் நிறம் வெளிச்சத்தில் மங்கியிருக்கும். மிச்சம் வைத்த டப்பாவிலிருந்து எடுத்து அந்தப் பட்டைக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும். அடர் நிறம், சாட்டின் பளபளப்பு என்றால் சொல்லவே வேண்டாம். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவரையும் அடித்தால்தான் ஒத்துப்போகும். டேப் பதிப்பதில் மிச்சம் பிடித்த அரை நாளுக்கு ஒரு சுவரே வட்டியாகப் போகிறது. விரிசலுக்கான வாய்ப்பை எது குறைக்கிறதோ அதுவே மலிவான டேப்.

பேப்பர் டேப்பும் தப்பாகப் போட்டால் பழிவாங்கும். போர்டுகளுக்கு நடுவே 3 மி.மீ.-க்கு மேல் இடைவெளி இருந்தால் முதலில் அதைப் பவுடர் காம்பவுண்டால் நிரப்பி இறுக விட வேண்டும். பிறகு ரெடிமிக்ஸில் கொஞ்சம் நீர் சேர்த்து, பிளேடில் நிற்கும், இழுத்தால் வழுக்கிப் பரவும் பதத்துக்குக் கொண்டுவந்து, இணைப்பின் மேல் 4 இன்ச் அகலத்துக்கு, ஏறக்குறைய 3 மி.மீ. கனத்தில் பூச வேண்டும். டேப்பை நடுவில் வைத்து, 6 இன்ச் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி அழுத்தி இழுக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் காம்பவுண்டு பிதுங்கி வர வேண்டும். ஓர் இடத்தில் பிதுங்கவில்லை என்றால் அங்கே அடியில் காம்பவுண்டு போதவில்லை என்று அர்த்தம், தூக்கி மறுபடி பூச வேண்டும்.

ரொம்ப அழுத்தினாலும் ஆபத்து. அடியில் இருப்பதெல்லாம் வழிந்துபோய் டேப் வறண்டு நிற்கும். காய்ந்ததும் பார்வைக்கு ஒட்டியிருப்பது போலவே இருக்கும். இரண்டாவது கோட்டின் ஈரம் பட்டதும் அந்த இடம் மட்டும் கொப்புளமாக எழும், சில சமயம் ப்ரைமர் அடிக்கும்வரை காத்திருந்து எழும். முதல் கோட் காய்ந்ததும் விரல் நகத்தால் டேப் நெடுகத் தட்டிப் பார்த்தால் பொள்ளலான இடம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கொப்புளத்தைச் சுற்றி வெட்டி எடுத்து நிரப்ப வேண்டும். மேலே காம்பவுண்டு பூசி மூடினால் மறுபடி எழும்.

அடுத்த கோட் 10 இன்ச் பிளேடால், கடைசி 12 இன்ச் பிளேடால். ஈரத்தில் கருத்துத் தெரியும் காம்பவுண்டு முழுக்க ஒரே வெளிர் நிறத்துக்கு வந்த பிறகுதான் அடுத்தது. இதில் அவசரப்பட்டால் அடிக்கோட் பிறகு சுருங்கி, இணைப்பு நெடுகப் பள்ளம் விழும்.

சுவரும் சுவரும் சேரும் உள்மூலையில் போட்டியே இல்லை. பேப்பரில் நடுவே மடிப்புக் கோடு இருக்கிறது, மடித்தால் மூலை கூர்மையாக நிற்கும். மெஷ் மூலையில் வளைந்து நிற்கும், பிளேடின் முனை இழைகளை அறுத்துவிடும். மெஷ்தான் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்கூட உள்மூலைக்குப் பேப்பரைத்தான் எடுப்பார்கள்.

போர்டின் நீள விளிம்புகள் சரிவாக இருப்பதால் டேப் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். குறுக்கு விளிம்பில் அந்தச் சரிவு கிடையாது, டேப் மட்டத்துக்கு மேலேதான் நிற்கும். மெஷ் கனம் கூடியது என்பதால் மேடும் கூடும். காம்பவுண்டை இரு பக்கமும் ஓரடி வரை இழுத்துத்தான் அதை மறைக்க முடியும்.

மெஷ்ஷுக்கும் தன் இடம் உண்டு. ஸ்விட்ச் பெட்டி எடுத்த ஓட்டை, கதவுக் கைப்பிடி இடித்த பள்ளம் இவற்றின் மேல் ஒட்டிப் பூசுவதற்கு அதைவிட வசதியானது இல்லை. காகிதம் இல்லாத, கண்ணாடி இழை முகப்புள்ள போர்டு போட்ட ஈர அறைகளில் மெஷ்ஷும் பவுடர் காம்பவுண்டும்தான் பொருத்தம், காகிதம் பூஞ்சைக்குத் தீனி. டைல்ஸுக்கு அடியில் சிமென்ட் போர்டு என்றால் காரம் தாங்கும் மெஷ் மட்டுமே. அங்கே பேப்பருக்கு வேலை இல்லை. பவுடரில் முறையாகப் பதித்த மெஷ், அசையாத சட்டத்தில், சரிவு விளிம்பில் பேப்பருக்கு ஈடாக நிற்கவும் செய்யலாம். அதை மறுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை. கூரையில் அதை நம்பும் துணிச்சலும் இல்லை.

எந்த டேப் போட்டாலும், நிறம் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை. அறையை இருட்டாக்கி, விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். நிழல் விழும் மேடுகளைச் சாட்டின் பெயின்ட்டும் காட்டிக்கொடுக்கும், பளபளப்பில்லாத வெளிர் மேட் பெயின்ட் கொஞ்சம் மறைக்கும். மேட்டை உப்புத்தாளால் இறக்க நினைத்தால் மெஷ்ஷில் இழை வெளியே வரும், பேப்பரில் நார் பிசிறும். தேய்க்காமல், இரு பக்கமும் காம்பவுண்டை இன்னும் அகலமாக இழுத்து விடுங்கள்.