கொழுப்புக் கையுறைப் பெட்டி: பாதிக் கதைதான், ஆனாலும் வாங்கலாம்

குளிரிலிருந்து விலங்குகளைக் கொழுப்பு எப்படிக் காக்கிறது என்று காட்டும் இந்த அறிவியல் பெட்டியை ஒன்பது வயது மகளுக்காக வாங்கினேன். உள்ளே நான்கு ஜிப் பைகள், ஒரு டப்பா கெட்டியான தாவரக் கொழுப்பு, ஒரு தெர்மாமீட்டர், குளிர்ப் பிரதேச விலங்குகளின் பட அட்டைகள்.

ஒரு பைக்குள் இன்னொரு பையை வைத்து, நடுவில் கொழுப்பை அப்பி, அதற்குள் கையை விட்டு ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டும். மறு கைக்குக் கொழுப்பில்லாத இரட்டைப் பை. அந்தக் கையை ஒரு நிமிடத்துக்குள் வெளியே இழுத்துவிட்டாள். கொழுப்புக் கை ஐந்து நிமிடம் தாங்கியது. "அப்பா, நடுவிரல் நுனி மட்டும் ஜில்லுனு இருக்கு" என்றாள். எடுத்துப் பார்த்தால், அந்த இடத்தில் கொழுப்பு விலகிப் படலம் மெலிந்திருந்தது. வில்தலைத் திமிங்கிலத்தின் தோலடிக் கொழுப்பு 40 சென்டிமீட்டரையும் தாண்டும் என்று அட்டையில் படித்ததும், ஸ்கேலை எடுத்து வந்து தரையில் அளந்து பார்த்தாள்.

அப்புறம் ஒரு குறும்பு. வெறும் பைகளுக்கு நடுவே காற்றை அடைத்து முக்கினாள். குளிரவே இல்லை! காற்று கொழுப்பைவிட நல்ல காப்பு. ஆனால் பையை இறுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றியதும் கத்திவிட்டாள். விலங்குகளின் ரோமத்துக்குள் இருக்கும் காற்றும் ஆழ்கடல் அழுத்தத்தில் இப்படித்தான் நசுங்கிவிடும். அதனால்தான் ஆழத்தில் மூழ்கி இரை தேடும் சீல் கொழுப்பை நம்புகிறது. கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அட்டைகளில்தான் கோளாறு. கடல் நீர்நாய்க்கும் தோலடியில் தடித்த கொழுப்பு வரைந்திருக்கிறார்கள். அதற்கு அது கிடையவே கிடையாது. நெருக்கமான ரோமமும், தினமும் உடல் எடையில் கால் பங்கு வரை தின்னும் தீனியும்தான் அதைக் காப்பாற்றுகின்றன.

இன்னொரு குறை, கொழுப்பை வெறும் போர்வையாகவே காட்டுகிறார்கள். அது கட்டுச்சோறும்கூட. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, மாவுச்சத்தில் 4தான். ஆண் எம்பரர் பென்குயின் ஏறக்குறைய நான்கு மாதம் பட்டினி கிடந்து முட்டையை அடைகாப்பது அந்தச் சேமிப்பை வைத்துத்தான். குளிர்கால உறக்கத்திலிருந்து விழிக்கும் சிறு விலங்குகள் நடுங்காமலே சூடேறப் பயன்படும் பழுப்புக் கொழுப்புக்கும் ஒரு அட்டை போட்டிருக்கலாம்.

தெர்மாமீட்டர் படுமந்தம், கையே தேவலை. பைகளைக் கழுவ வெந்நீரும் சோப்பும் தயாராக இருக்கட்டும், சரியான பிசுக்கு.

ஐந்துக்கு மூன்றரை. நீர்நாய் அட்டையைத் திருத்தினால் நான்கு.